சர்க்கரை இருப்பவர் மாம்பழம் சாப்பிடலாமா? எவ்வளவு, எப்போது, எதற்குப் பதிலாக?

சேலத்தான்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊரில் செந்தூரம் வந்துவிட்டது, கொஞ்ச நாளில் இமாம் பசந்தும் மல்கோவாவும் வந்து இறங்கும், வீட்டில் வருடா வருடம் நடக்கும் வாக்குவாதமும் கூடவே தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 7.3, மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு சர்க்கரை மாத்திரை போடுகிறார், சிறுநீரகம், கண் எல்லாம் இதுவரை நன்றாகவே இருக்கிறது. பார்க்கும் டாக்டர் மாம்பழம் வாயில் படவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் வீட்டில் பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டோம்.

ஆனால் அம்மாவின் தட்டைப் பார்த்தால் காலையில் ஐந்து இட்லி, மதியம் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு, சாயங்காலம் டீயுடன் பிஸ்கட், இரவு தோசை. இதில் எதையும் யாரும் குறைக்கச் சொல்லவில்லை. வரகம்பாடித் தோட்டத்துப் பழத்தை வாசனை பார்த்தே பெயர் சொல்லக்கூடியவர், அவரிடம் போய் சீசன் முடியும்வரை பழத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா? படித்தவர்களும் அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள். "எல்லாம் அளவோடு" என்று பொதுவாகச் சொல்லாமல், அளவு என்றால் எவ்வளவு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மீனா (உணவு ஆலோசகர்):

சேலத்தான், நீங்கள் கேள்வியிலேயே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள். பழத்தையும் சோற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோலும் கொட்டையும் போக 100 கிராம் மாம்பழச் சதையில் சுமார் 60 கலோரி, 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அந்தப் பதினைந்தில் 13, 14 கிராம் சர்க்கரைதான். நார்ச்சத்து ஒன்றரை கிராம் அளவு. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. மூன்று முறை போட்டுச் சாப்பிடும் ஒரு மதியச் சாப்பாட்டில் சோறு மட்டுமே எளிதாக 300 கிராம் தாண்டும், அதாவது 84 கிராம் மாவுச்சத்து. ஆறு துண்டு மாம்பழத்தைத் தடுத்துவிட்டு 84 கிராமைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேகமும் முக்கியம். ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறது என்பதற்குக் கிளைசீமிக் குறியீடு என்று ஓர் அளவு உண்டு, குளுக்கோஸுக்கு 100. மாம்பழத்துக்கு இரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்துச் சுமார் 51, 55 என்று வரும், இது குறைவுக்கும் நடுத்தரத்துக்கும் எல்லைக்கோடு. நம் பொன்னி அரிசியைச் சென்னையில் சோதித்தபோது 70, சோனா மசூரிக்கு 72. ஆக இனிப்பாக இருப்பதாலேயே மாம்பழம் சோற்றைவிட மோசம் என்று நினைப்பது சரியில்லை.

அளவு: தோல் நீக்கி எடைபோட்டு 100 கிராம். நடுத்தரச் செந்தூரம் ஒன்று, அல்லது பங்கனப்பள்ளியில் பாதிக்கும் குறைவு (பங்கனப்பள்ளி ஒன்றில் சதை மட்டுமே கால் கிலோ வரும், அதனால் "ஒரு பழம்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள்). சாப்பாட்டுக்கு மேல் போடக் கூடாது. காலை 11 மணிக்கோ மாலை 4 மணிக்கோ, அந்த பிஸ்கட்டுக்குப் பதிலாக, ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது கொஞ்சம் தயிருடன். புரதமும் கொழுப்பும் கூட இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், பழத்தில் இருக்கும் கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) உடம்பில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு தேவை.

மாவு_குறைப்போம்:

மீனா மேடம் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் உடன்படவில்லை. எனக்கும் சர்க்கரை, பேலியோவில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவுமுறை) இருக்கிறேன், மாத்திரை அளவை டாக்டரே குறைத்திருக்கிறார். சோறு மோசம் என்பதால் மாம்பழம் நல்லதாகிவிடாது, இரண்டையும் விடலாமே. மாம்பழத்தில் என்ன அப்படி வேறு எங்கும் கிடைக்காத சத்து? வைட்டமின் சி என்றால் மாம்பழத்தில் 100 கிராமுக்கு 36 மில்லிகிராம், கொய்யாவில் 200-க்கும் மேல். நார்ச்சத்து கொய்யாவில் மூன்று மடங்கு, சர்க்கரையோ குறைவு. வைட்டமின் ஏ-வுக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் இருக்கின்றன. சத்துக்காகத்தான் சாப்பிடுகிறோம் என்றால் சர்க்கரை நோயாளிக்கு மாம்பழம் தேவையே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 100 கிராமில் நிறுத்தும் கை எத்தனை பேருக்கு இருக்கிறது? எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை, மாம்பழ சீசன் முடிந்து ஆடி மாதம் எடுக்கும் ரிப்போர்ட்டைப் பாருங்கள், அத்தனை பேருக்கும் ஏறியிருக்கும். ஒரு துண்டு இரண்டாகும், இரண்டு ஒரு பழமாகும், அப்புறம் மறுநாள் விட்டதைப் பிடிக்கலாம் என்று தோன்றும். முழுதாக விடுவதுதான் எனக்கு எளிது.

மீனா (உணவு ஆலோசகர்):

கொய்யாக் கணக்கு சரிதான், கொய்யா நல்ல பழம், தினமும் சாப்பிட வேண்டிய பழத்தில் அதைத்தான் நானும் முதலில் எழுதிக்கொடுப்பேன். கட்டுப்பாடு குலையும் என்று தன்னைப் பற்றித் தெளிவாகத் தெரிந்தவர் முழுதாக விடுவதும் சரியான முடிவு, அதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லோருக்கும் அதையே விதியாக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்கிறேன். வீட்டில் தடை போட்டால் பக்கத்து வீட்டில், கல்யாணத்தில், உறவினர் வீட்டில் சாப்பிடுகிறார்கள். எடை இல்லை, நேரம் இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. அதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு: "இன்றைக்கு மாம்பழம் சாப்பிடப் போகிறேன், ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன்" என்பது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் பழம் செரித்து முடிந்த பிறகும் வெகுநேரம் வேலை செய்துகொண்டே இருக்கும், நடு இரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டி மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாம்பழம் சர்க்கரை நோயாளிக்கு என்ன செய்கிறது என்று டெல்லியில் டாக்டர் அனூப் மிஸ்ரா குழுவினர் செய்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. டைப் 2 (பெரும்பாலானவர்களுக்கு வரும் வகைச் சர்க்கரை நோய்) இருக்கும் 35 பேர், எட்டு வாரம், ஒரு பகுதியினருக்குக் காலையில் ரொட்டிக்குப் பதிலாக அதே கலோரி அளவில் 250 கிராம் மாம்பழம். மாம்பழம் சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் எடையும் குறைந்தன. சிறிய ஆய்வு, கண்காணிப்பில் நடந்தது, இதை வைத்துத் தினமும் கால் கிலோ சாப்பிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதில் கவனிக்க வேண்டியது "பதிலாக" என்பதுதான். ரொட்டியும் தின்று மாம்பழமும் தின்றிருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தான்:

வணக்கம். இஞ்சை யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கறுத்தக்கொழும்பான்தான், அம்பலவியும் வெள்ளைக்கொழும்பானும் அதுக்குப் பிறகுதான். எங்கட பழக்கம் பிட்டும் மாம்பழமும். காலமை அரிசிமாப் பிட்டு, தேங்காய்ப்பூ, அதுக்கு மேல ஒரு முழுப் பழத்தைப் பிசைஞ்சு சாப்பிடுறது. மீனா அக்கா சொன்னதைப் படிச்ச பிறகு யோசிச்சால், பிட்டு முழுக்க மா, பழம் முழுக்க சீனி, ரெண்டும் சேர்ந்தால் என்ன கணக்கு வருமோ தெரியேல்ல. எனக்கு நீரிழிவு இல்லை, ஆனால் அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பிட்டை விடச் சொல்லாமல் ஏதாவது வழி இருக்கோ?

மீனா (உணவு ஆலோசகர்):

பிட்டை விட வேண்டாம் அண்ணா. பிட்டைப் பாதியாக்குங்கள், பழத்தையும் பாதியாக்குங்கள், பக்கத்தில் ஓர் அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் அவித்த பயறு வையுங்கள். சிவப்பரிசி மாவில், கொஞ்சம் குரக்கன் (கேழ்வரகு) மா கலந்து அவித்தால் இன்னும் நல்லது. அப்பாவுக்கு இருந்தது என்பதால் வருடத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் பார்த்துக்கொள்ளுங்கள், மாம்பழத்தைப் பற்றிய கவலையைவிட அது முக்கியம். இந்தியாவில் 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை வரும் விளிம்பில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. விளிம்பில் இருப்பவர்களில் பலருக்குத் தாங்கள் அங்கே நிற்பதே தெரியாது.

நத்தம்_தோப்பு:

எல்லோரும் சத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், பழம் எப்படிப் பழுத்தது என்று யாரும் கேட்கவில்லையே. எங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் தோப்பு, மூன்று தலைமுறையாக மாமரம்தான். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் சீசன் தொடக்கத்தில், காய் முற்றுவதற்கு முன்னாலேயே பறித்து, கல்லைப் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அது தோலை மஞ்சளாக்கிவிடும், உள்ளே பழம் பழுத்திருக்காது. கடையில் விற்கும் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதுதான் உடம்புக்கு ஆபத்து.

எத்திலீன் வேறு. பழம் தானாகப் பழுக்கும்போது அதுவே விடும் வாயுதான் எத்திலீன், அறையில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை விட்டுப் பழுக்க வைக்க 2016-லிருந்து அனுமதி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "மருந்து வைத்த பழம்" என்று சொல்லாதீர்கள், முறையாகச் செய்பவனும் சேர்ந்து அடிபடுகிறான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: காம்புப் பக்கம் தோள் எழும்பி, காம்பு கொஞ்சம் குழிக்குள் இருக்க வேண்டும், அதுதான் முற்றிய காய். மூக்கில் வைத்தால் காம்பு இடத்தில் வாசனை வர வேண்டும். ஒரே சீராக எலுமிச்சை மஞ்சளில், வாசனையே இல்லாமல், தொட்டால் கல்லு மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். தண்ணீரில் போட்டுப் பார்ப்பதைப் பற்றி வாட்ஸப்பில் வருகிறதே, மிதந்தால் கார்பைடு என்று, அது அப்படி இல்லை. மிதந்தால் பிஞ்சிலேயே பறித்தது என்று அர்த்தம், முற்றிய காய் மூழ்கும். பிஞ்சில் பறித்ததைத்தான் கல் வைத்து மஞ்சளாக்குகிறார்கள் என்பதால் அந்தச் சோதனை ஓரளவு உதவும், அவ்வளவுதான். சரி, நம்பிக்கையான வழி, முற்றிய காயாக வாங்கி வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ போட்டு வையுங்கள், நாலைந்து நாளில் பழுத்துவிடும்.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே பங்கனப்பள்ளி வேண்டும் என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்பதால்தான் பிஞ்சில் பறிக்கிறார்கள்.

இரண்டு_பிள்ளை_அம்மா:

நத்தம் அண்ணா, தண்ணீரில் ஊற வைத்தால் சூடு போய்விடும் என்று என் மாமியார் சொல்கிறார், நானும் ஊற வைக்கிறேன். ஆனால் போன வருடம் பெரியவனுக்கு உதட்டைச் சுற்றிப் புண்ணாகிவிட்டது, முதுகில் கட்டியும் வந்தது. மாம்பழச் சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னவளுக்கு இப்போது எட்டு மாதம், அவளுக்குக் கொடுக்கலாமா என்றே பயமாக இருக்கிறது.

நத்தம்_தோப்பு:

உதட்டுப் புண் மாங்காய்ப் பாலால் வருவது தங்கச்சி. காம்பை ஒடித்தால் பீச்சி அடிக்குமே, அந்தப் பால். பறிக்கிற ஆட்களுக்கு முகமெல்லாம் கொப்பளித்து நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் காம்போடு பறித்து, தலைகீழாக வைத்துப் பால் வடிய விடுவோம். தோலில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால் பிள்ளை கடித்துச் சாப்பிடும்போது உதட்டில் படும். ஊற வைத்துத் தேய்த்துக் கழுவினால் அதில் பெரும்பகுதி போய்விடும், பெரியவர்கள் ஊற வைக்கச் சொன்னதில் காரணம் இருக்கிறது. காம்புப் பக்கம் ஒரு விரல் அளவு வெட்டி எறிந்துவிட்டுத் தோல் சீவிக் கொடுங்கள்.

மீனா (உணவு ஆலோசகர்):

அண்ணா சொன்னதுதான். மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம், முந்திரிக் கொட்டைத் தோலின் எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது மாதிரியே மாம்பாலும் சிலருக்குச் செய்யும். முதுகில் வந்த கட்டி பெரும்பாலும் வேறு, வெயில் காலத்தில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து மயிர்க்கால்களில் கிருமி புகுந்து வருவது. மாம்பழ சீசனும் அக்னி நட்சத்திரமும் ஒரே நேரத்தில் வருவதால் பழி பழத்தின் மேல் விழுகிறது. அடிக்கடி கட்டி வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாகப் பழுத்த, நாரில்லாத பழத்தை மசித்து ஓரிரு ஸ்பூன் கொடுத்துத் தொடங்கலாம். சர்க்கரை சேர்க்காதீர்கள், ஜூஸாக வேண்டாம். முதல் முறை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் வேறு புது உணவு தராமல் பாருங்கள். உதட்டைச் சுற்றிலும் மட்டும் லேசாகச் சிவந்தால் பால் பட்டதாக இருக்கலாம். உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் உடனே மருத்துவமனை.

நாகர்கோவில்_அக்கா:

எங்க ஊர்ல செங்கவருக்கை மாம்பழம் வந்துட்டா சாப்பாட்டு முறையே மாறிடும். எல்லோரும் பழத்தைப் பழமாகவே பார்க்கிறீர்கள், நாங்கள் அதைச் சமையலில் சேர்ப்போம், அப்படிச் செய்தால் அளவு தானாகக் குறையும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மாம்பழப் புளிசேரி: சின்ன நாட்டு மாம்பழங்களை மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புடன் வேக வைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, கடைசியாகக் கடைந்த புளித்த தயிர் சேர்த்து நுரை கட்டியதும் இறக்கி, கடுகு, வெந்தயம், வற்றல் தாளித்தால் ஆயிற்று. ஓர் ஆளுக்கு ஒரு குட்டிப் பழம்தான் வரும், தயிரும் தேங்காயும் கூடவே இருக்கிறது. நாட்டு மாம்பழம் புளிப்பும் இனிப்புமாக இருக்க வேண்டும், பங்கனப்பள்ளியில் செய்தால் பாயசம் மாதிரி ஆகிவிடும்.

மாங்காயை யாரும் பேசவில்லையே. சர்க்கரைக்காரர்களுக்குப் பச்சை மாங்காய் எவ்வளவு வசதி! துருவிச் சின்ன வெங்காயத்துடன் பச்சடி, மீன் குழம்பில் புளிக்குப் பதில், பருப்பில் போட்டுக் கடைவது, முருங்கைக்காயுடன் அவியல். ஊறுகாய் மட்டும் உப்புக்காகக் குறைக்க வேண்டும், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மாவடுவை ஒன்றோடு நிறுத்துங்கள்.

மாவு_குறைப்போம்:

அக்கா, மாங்காய்ப் பச்சடியையும் புளிசேரியையும் நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். சோறு இல்லாமல் புளிசேரியை ஒரு கிண்ணம் அப்படியே குடிப்பேன்.

ஜூஸ் பற்றியும் யாராவது எழுதுங்கள், அங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது. என் அலுவலகத்தில் "மாம்பழம் இயற்கைதானே" என்று சொல்லிக்கொண்டே பாட்டில் பாட்டிலாக மாம்பழ பானம் குடிக்கிறார்கள்.

மீனா (உணவு ஆலோசகர்):

இதில் உங்கள் பக்கம்தான் நானும். கடையில் விற்கும் "பழ பானம்" என்பதற்குக் குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தால் போதும் என்பதுதான் விதி. சில நிறுவனங்கள் கூடுதலாகச் சேர்க்கின்றன, ஆனாலும் மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். பாட்டிலைத் திருப்பி, 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை, பாட்டிலில் எத்தனை மில்லி என்று பார்த்துப் பெருக்குங்கள்.

வீட்டில் பிழிந்தது நல்லதுதானே என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் பழத்தைக் கடித்துச் சாப்பிடும்போது வரும் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அதே பழத்தைச் சாறாக்கினால் சேர்க்கிறது, சர்க்கரை போடாவிட்டாலும். சாறில் நார் சிதைந்துவிடும், மெல்ல வேண்டியதில்லை, இரண்டு பழம் ஒரே தம்ளரில் போய்விடும், வயிறும் நிறைந்ததாகத் தெரியாது. மில்க்‌ஷேக் என்றால் அதற்கு மேல் சர்க்கரை, ஐஸ்கிரீம். எடை குறைக்க நினைப்பவர்கள் மாம்பழத்தை விட வேண்டியதில்லை, மில்க்‌ஷேக்கை விட்டால் போதும்.

சிறுநீரகப்_பிரச்சினை_உள்ளவன்:

எனக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைவு, பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வாழைப்பழம், இளநீர் இரண்டும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாம்பழம்?

மீனா (உணவு ஆலோசகர்):

100 கிராம் மாம்பழத்தில் பொட்டாசியம் 170 மில்லிகிராமுக்குப் பக்கத்தில், வாழைப்பழத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. எனவே வாழையைவிட மேல், ஆனால் முழுப் பழமாகச் சாப்பிட்டால் கால் கிலோவில் 400 மில்லிகிராம் தாண்டிவிடும். உங்கள் ரத்தப் பொட்டாசியம் இப்போது எவ்வளவு என்பதைப் பொறுத்தது இது, உங்கள் சிறுநீரக மருத்துவரையும் அங்கிருக்கும் உணவு ஆலோசகரையும் கேட்காமல் இங்கே படித்ததை வைத்துத் தொடங்காதீர்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) போடுபவர்களும் அப்படித்தான், மாம்பழம் நிறையச் சாப்பிட்டால் ரத்தம் உறையும் நேரம் மாறலாம், சீசனில் அளவைத் திடீரென்று கூட்டாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சேலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். வேறு ஒரு சர்க்கரை மருத்துவரிடமும் காட்டினோம், அவர் சாப்பாட்டுப் பட்டியலைக் கேட்டுவிட்டு முதலில் சோற்றைத்தான் குறைக்கச் சொன்னார், மாம்பழம் 100 கிராம் வரை, குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம் என்றார். இப்போது இட்லி மூன்று, சோறு ஒரு முறை, பொரியலும் கூட்டும் முன்பைவிட இரட்டிப்பு. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் செந்தூரம், சமையலறைத் தராசில் எடைபோட்டு, கூட வேர்க்கடலை. சாப்பிடுவதற்கு முன் 121, இரண்டு மணி நேரம் கழித்து 158. அதே அம்மா பழைய மாதிரி மதியம் சாப்பிட்டபோது பார்த்தது 230-ஐத் தாண்டியிருந்தது. பார்த்ததும் அவரே இனிமேல் மூன்றாவது முறை சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் எத்தனையோ முறை சொல்லியும் கேட்காதவர்.

இன்னொரு கேள்வி. உறவினர் ஒருவர் மாங்கொட்டைப் பொடியும் மாவிலைக் கஷாயமும் குடித்தால் சர்க்கரை போய்விடும், மாத்திரையை விடலாம் என்கிறார்.

மீனா (உணவு ஆலோசகர்):

158 நல்ல எண். ஆனால் சோறு இவ்வளவு குறைந்தபின் கிளிமிபிரைடு அளவு அதிகமாகிவிடலாம், காலையிலும் சாப்பாட்டுக்கு முன்பும் சில நாள் பார்த்து எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். 70-க்குக் கீழே போனாலோ, கை நடுக்கம், வியர்வை வந்தாலோ உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

மாவிலையிலும் கொட்டையிலும் மாஞ்சிஃபெரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, எலிகளில் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. அதை வைத்து மனிதர் மாத்திரையை விட முடியாது. பொடியில் எவ்வளவு இருக்கிறது, மாத்திரையுடன் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விற்பவருக்கும் தெரியாது. மாத்திரையை விட்டுக் கால் புண்ணோடு வருபவர்களைப் பார்த்தவள் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

யாழ்ப்பாணத்தான்:

நானும் பாதிப் பிட்டு, பாதிப் பழம், அவிச்ச பயறு எண்டு மாத்திப் பார்த்தன். முந்தி சாப்பிட்ட உடனே கண்ணைச் சொக்கும், இப்ப அது இல்லை. மனுசிதான் பயறு அவிக்க வேணுமே எண்டு கொஞ்சம் முணுமுணுத்தவ, இப்ப அவவும் அதையே சாப்பிடுறா. ரத்தப் பரிசோதனைக்கும் ரெண்டு பேரும் போக இருக்கிறம்.

சேலத்தான்:

நத்தம் அண்ணாவிடம் ஒன்று. ஜூன் கடைசியில் இங்கே நீலம் மாம்பழம்தான் கிடைக்கும், அம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், சின்னதாக இருப்பதால் அளவும் வசதி. ஆனால் வெட்டினால் கொட்டைக்குள் வண்டு இருக்கிறது. அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா? தாண்ட்ரா (மாம்பழக் கூழைத் தகடாகக் காய வைப்பது) மாதிரி காய வைத்தது வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றும் அம்மா கேட்கிறார்.

நத்தம்_தோப்பு:

நீலத்துக்கு அந்த வண்டு எப்போதும் உண்டு தம்பி. பிஞ்சாக இருக்கும்போது தாய் வண்டு தோலில் முட்டை இடும், புழு நேராகக் கொட்டைக்குள் போய்விடும், காய் வளர வளர போன வழி மூடிக்கொள்ளும். அதனால்தான் வெளியில் ஓட்டையே தெரியாது. சதை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், கொட்டையோடு எறிந்துவிட்டுச் சதையைச் சாப்பிடலாம். சதைக்குள் கறுத்த பாதை ஓடியிருந்தால் அந்தப் பழத்தை விட்டுவிடுங்கள். முழுதாகக் கொட்டையைச் சப்பாமல் இரண்டு கன்னத்தையும் வெட்டி எடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் உதிர்ந்த பழத்தையும் கொட்டையையும் பொறுக்கி அழித்தால் அடுத்த வருடம் குறையும், அது எங்கள் வேலை. தாண்ட்ராவை மீனா மேடம்தான் சொல்ல வேண்டும்.

மீனா (உணவு ஆலோசகர்):

தாண்ட்ரா அம்மாவுக்கு வேண்டாம். தண்ணீர் வற்றியதால் கையகலத் துண்டில் ஒரு முழுப் பழத்தின் சர்க்கரை இருக்கும், கடையில் செய்வது பலதில் வெல்லமோ சர்க்கரையோ வேறு சேர்ப்பார்கள். சீசன் முடிந்த பிறகும் வேண்டும் என்றால் நீலத்தைத் துண்டு போட்டு, 100 கிராம் வீதம் சின்ன டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு டப்பா எடுத்தால் அன்றைய அளவு அதுதான். சர்க்கரை தூவாமல் வையுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்ததும் இங்கே எழுதுங்கள்.